எட்டாவது வள்ளல்

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனையும் பாடிப் பாடியே நம் புலவர்கள் ஓய்ந்துபோனார்கள். ஏழு வள்ளல்களோடு கணக்கை முடித்து ஏட்டையும் கட்டி வைத்துவிட்டார்கள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். அமெரிக்க செல்போன் கம்பெனிகளைக் காணும் பாக்கியம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. பாரி கொடுத்தது தன் சொந்தத் தேரை. இவர்களோ நம்முடைய தேரையே நமக்குக் கொடுத்து, அதற்கு மாத வாடகையும் வாங்கத் தெரிந்தவர்கள். கொடை இந்த உயரத்துக்கு வளரும் என்று சங்கப் புலவர் யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. போனை வாங்கியது நாம். அதற்குள் இருக்கும் வைஃபை சில்லு நம்முடையது. தீர்ந்துபோகிற பேட்டரி நம்முடையது, சூடேறுகிற சட்டைப்பை நம்முடையது. மாதம் பிறந்தால் டேட்டாவுக்குப் பணமும் கட்டிவிடுகிறோம். அந்த டேட்டாவைப் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்புக்குக் கொஞ்சம் கை மாற்றிவிடுவதுதான் ஹாட்ஸ்பாட். மாற்றிவிடும் வேலையையும் போனே பார்த்துக்கொள்கிறது. கம்பெனியின் டவருக்கு வழக்கமான டேட்டாவைத் தருவதைத் தாண்டி அதில் ஒரு துரும்பளவு வேலையும் கிடையாது. வேலையே இல்லாத இடத்திலும் ரசீது போடலாம் என்று கண்டுபிடித்த மூளையைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

முதலில் அவர்களுடைய பொறுமையைச் சொல்ல வேண்டும். 2009 ஜூனில் ஆப்பிள் தன் ஐபோனுக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தது. அன்றைக்கு அதை டெதரிங் என்றார்கள். போனையும் லேப்டாப்பையும் ஒரு கேபிளாலோ புளூடூத்தாலோ முடிச்சுப் போட்டால் லேப்டாப்பில் இன்டர்நெட் வந்துவிடும். பல நாட்டுக் கம்பெனிகள் உடனே கதவைத் திறந்துவிட்டன. அமெரிக்காவில் ஐபோன் சேவைக்கு ஏகபோக உரிமை வைத்திருந்த ஏடி அண்ட் டி மட்டும் அவசரப்படவில்லை. நாள் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு வருஷம் காத்திருந்தது. 2010 ஜூன் மாதம் முகூர்த்தம் கூடி வந்தது. ஒரே பந்தலில் இரண்டு சுபகாரியங்கள். மாதம் 30 டாலருக்குக் கிடைத்துவந்த அன்லிமிடெட் டேட்டா பிளானைப் புதிதாக வருகிறவர்களுக்கு மூடிவிட்டு, 25 டாலருக்கு 2 ஜிபி என்று அளந்து கட்டியது முதல் காரியம். டெதரிங் வேண்டுமா, மேலே 20 டாலர் எடு என்றது இரண்டாவது காரியம். அந்த 20 டாலருக்கு எத்தனை ஜிபி கூடுதலாகத் தருவீர்கள் என்று சிலர் நாகரிகமில்லாமல் கேட்டார்கள். ஒரு எம்பிகூட இல்லை. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய அதே 2 ஜிபிதான். அதை இனி லேப்டாப்பிலும் பார்க்கலாம் என்ற அனுமதிக்குத்தான் 20 டாலர். அருளுக்கு எடை பார்ப்பார்களா யாராவது?

கம்பெனிக்காக வாதாடுகிறவர்கள் மெஸ் சாப்பாட்டை உதாரணம் காட்டுவார்கள். வேண்டிய மட்டும் சோறு போடுகிற இடத்தில் ‘பகிர்ந்து சாப்பிட அனுமதியில்லை’ என்று போர்டு மாட்டியிருப்பதில்லையா, ஒரு டோக்கனை வாங்கிக்கொண்டு மூன்று பேர் இலையில் கை வைத்தால் மெஸ்காரர் கதி என்ன ஆகும் என்பார்கள். நியாயமான பேச்சு. ஆனால் 25 டாலருக்கு 2 ஜிபி என்பது அளந்து கட்டிய பார்சல். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் தானே தின்றானா, தம்பிக்கு ஒரு வாய் ஊட்டினானா என்று பின்னாலேயே வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, தம்பியின் வாய்க்குத் தனி பில் போடுகிற மெஸ் ஒன்று இருந்தால் அதன் முதலாளி எவ்வளவு அக்கறையுள்ளவராக இருக்க வேண்டும்!

இந்த அக்கறை பரம்பரைச் சொத்து. பழைய பெல் குடும்பத்துப் பிள்ளைகளில் ஒன்றான எஸ்பிசி, 2005இல் தாய்க் கம்பெனியையே விலைக்கு வாங்கி, ஏடி அண்ட் டி என்ற பெயரையும் சூட்டிக்கொண்டது. அந்த மூதாதையின் பெருமையைக் கேளுங்கள். தரைவழித் தொலைபேசிக் காலத்தில் வீட்டின் கூடத்தில் ஒரு போன் இருந்து, படுக்கையறைக்கும் ஒன்று வேண்டுமென்றால் அந்த எக்ஸ்டென்ஷனுக்குத் தனியாக மாத வாடகை. கம்பி அதே கம்பி, நம்பர் அதே நம்பர், ஒரு நேரத்தில் ஒரு பேச்சுதான் போகும். ஆனாலும் வாடகை உண்டு. சில வீடுகளில் திருட்டுத்தனமாக இரண்டாவது போனை மாட்டினார்கள். கம்பெனி அசரவில்லை. போன் மணி அடிக்கும்போது கம்பி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று தன் இடத்திலிருந்தே அளந்து, வீட்டுக்குள் எத்தனை மணி இருக்கிறது என்று கணக்குப் போட்டது. மக்கள் மணியின் ஒயரைக் கழற்றிவிட்டுப் போனை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில் ஹஷ்-ஏ-போன் என்று ஒரு சாமான் விற்றது. போனின் வாய்ப்பகுதியில் மாட்டிக்கொள்ளும் வெறும் கிண்ணம், அவ்வளவுதான். பேசுவது பக்கத்து மேஜைக்காரனுக்குக் கேட்காது. தன் ரகசியத்தைத் தானே காத்துக்கொள்ள ஒருவன் கிண்ணம் மாட்டினால் நெட்வொர்க்குக்கே கேடு என்று கம்பெனி தடுத்தது. மத்திய தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியும் ஆமாம் என்று தலையாட்டியது. 1956இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான், யாருக்கும் கெடுதல் செய்யாத பொருளை வாடிக்கையாளர் தன் போனில் மாட்டிக்கொள்ள உரிமை உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. 1968இல் கார்ட்டர்போன் வழக்கில் ஆணையமும் அந்த வழிக்கு வந்தது. ஒரு கிண்ணத்தில் ஆரம்பித்த விவகாரம் ஹாட்ஸ்பாட்டில் வந்து நிற்கிறது. குலப்பெருமை என்றால் சும்மாவா?

பேரப்பிள்ளைகளின் படைக்கலக் கொட்டிலை எட்டிப் பார்த்தால் கண் கூசும். அத்தனையும் நெய் பூசி, மாலை சூட்டி, பளபளவென்று வைத்திருக்கிறார்கள். முதல் ஆயுதம், டிடிஎல். இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஓர் எண் எழுதியிருக்கும். வழியில் ஒவ்வொரு கருவியைத் தாண்டும்போதும் அதில் ஒன்று குறையும், வழி தவறிய பொட்டலம் முடிவில்லாமல் சுற்றாமல் இருப்பதற்காக. போனிலிருந்து நேரே கிளம்பும் பொட்டலத்தில் பொதுவாக 64 இருக்கும். மேக்கிலிருந்து கிளம்புவதும் 64தான். ஆனால் அது போனைத் தாண்டி வருவதால் கம்பெனியின் வாசலுக்கு 63ஆக வந்து சேரும். விண்டோஸ் என்றால் 128 கிளம்பி 127ஆக வரும். அந்த ஒன்று குறைந்ததைப் பார்த்தே ‘வீட்டுக்குள் லேப்டாப் இருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறார்கள். கோடானுகோடி பொட்டலங்களில் ஒற்றை எண் குறைவதைக் கண்டுபிடிக்கும் கூர்மையான கண்! பாட்டன் மணியை எண்ணினார், பேரன் பொட்டலத்தை எண்ணுகிறார். விஷயம் தெரிந்த பிள்ளைகள் லேப்டாப்பில் அந்த எண்ணை 65 என்று மாற்றிவைத்துக்கொண்டார்கள். மணியின் ஒயரைக் கழற்றிய பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள்தானே அவர்களும்.

அது போதாதென்று, பிரவுசர் தன்னை என்ன பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறது என்று பார்ப்பது உண்டு. ஹாட்ஸ்பாட் டேட்டாவைத் தனி வாசல் வழியாகப் போகவைப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், போனுக்குள்ளேயே ஒரு காவலாளி. ஹாட்ஸ்பாட் பொத்தானைத் தொட்டதும் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். நம் போன் நம்மைக் கேட்காமல் கம்பெனியைக் கேட்டு வரும்: ‘இவர் கட்டியிருக்கிறாரா?’ இல்லை என்றால், இந்த வசதியைப் பெறக் கம்பெனியைத் தொடர்புகொள்ளவும் என்று ஒரு வாசகம் வந்து நிற்கும். ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய போன், யாருக்கு விசுவாசமாக இருக்கிறது பாருங்கள்.

அன்புத் தொல்லைக்கு எல்லையே இல்லை என்பதற்கு 2011 மார்ச் சாட்சி. சில ஐபோன்காரர்கள் போனில் ஆப்பிள் போட்ட பூட்டை உடைத்து, அதாவது ஜெயில்பிரேக் செய்து, கட்டணம் கட்டாமல் டெதரிங் செய்துகொண்டிருந்தார்கள். ஏடி அண்ட் டி அவர்களுக்குச் செய்தி அனுப்பியது: ‘நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாங்களே உங்களை மாதம் 45 டாலர் டெதரிங் பிளானில் சேர்த்துவிடுகிறோம்.’ விண்ணப்பம் எழுதும் சிரமம்கூட வாடிக்கையாளருக்கு வைக்கவில்லை. பழைய அன்லிமிடெட் பிளானைப் பத்திரமாகப் பிடித்துவைத்திருந்தவர்களுக்கு அந்தச் சுமையும் இறங்கியது. எல்லாம் ஒழுங்காகக் கட்டணம் கட்டுகிற மற்றவர்களுக்கு நியாயம் செய்வதற்காகத்தானாம்.

போட்டிக் கம்பெனியான வெரைசனின் பெருந்தன்மை இன்னொரு ரகம். 2008 அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் சி பிளாக்கை அது எடுத்தபோது எஃப்சிசி ஒரு நிபந்தனை வைத்திருந்தது: இந்த அலைக்கற்றையில் வாடிக்கையாளர் விரும்பும் கருவியையும் செயலியையும் தடுக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டது வெரைசன். பிறகு, டெதரிங் செயலிகளைத் தன் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைக்கும்படி ஆப் ஸ்டோர் நடத்துகிறவரிடம் கேட்டுக்கொண்டது. தனக்கு மாதம் 20 டாலர் கட்டணம் இருந்ததால் வந்த ஆசை அல்ல, ஒரு சினேகிதமான வேண்டுகோள்தான். 2012 ஜூலையில் 12,50,000 டாலர் கட்டி ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டது. வகுத்துப் பார்த்தால் 62,500 பேரின் ஒரு மாத டெதரிங் கட்டணம். அன்றைக்கு அந்தக் கம்பெனியின் இணைப்புகள் ஒன்பது கோடிக்கு மேல். தண்டனை என்று ஆணையம் கொடுத்ததைத் தட்சிணை மாதிரி வாங்கிக்கொண்ட அடக்கம் எத்தனை பேருக்கு வரும்?

மூன்றாவது கம்பெனி டி-மொபைல். 2015 ஆகஸ்டில் அதன் தலைவர் ஜான் லெஜெர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மாதம் 2 டெராபைட் வரை ஹாட்ஸ்பாட்டில் உறிஞ்சும் திருடர்கள் இருக்கிறார்கள், விடமாட்டேன் என்றார். 2 டெராபைட் கொஞ்சநஞ்சம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். என் வியப்பு வேறு. 5 கோடியே 90 லட்சம் வாடிக்கையாளர் கூட்டத்தில் அந்தச் சுமார் 3,000 பேரைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்தார்களே, அந்தத் திறமை! ஆறு வருஷம் கழித்து, 2021 ஆகஸ்டில், அதே கம்பெனியின் கிடங்கிலிருந்து ஏழு கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரங்கள் போயின. பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிமம் எல்லாம் அதில் இருந்தன. திருடியவர் இணையத்தில் விலை பேச ஆரம்பித்து, பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. மறு வருஷம் 35 கோடி டாலர் இழப்பீட்டுக்குச் சம்மதித்தார்கள். வெளியே போகும் டேட்டாவில் யார் லேப்டாப்பில் பார்க்கிறார் என்பது தெரிந்த கண்ணுக்கு, உள்ளே வந்து மூட்டை கட்டுகிறவரைத் தெரியவில்லை. ஆளுக்கொரு துறை. எல்லாவற்றையும் ஒரே கம்பெனி பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பேராசை.

இனி பாதுகாப்புக்கு வருகிறேன். இவர்கள் செய்த தொண்டு இங்கேதான் உச்சம் தொடுகிறது. வெளியில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கிறவருக்கு இரண்டு வழி. ஒன்று தன் போனின் ஹாட்ஸ்பாட், அதற்குப் பாஸ்வேர்டு உண்டு, பேச்சு பூட்டித்தான் போகும். இன்னொன்று கடையின் திறந்த வைஃபை, அதில் யார் வேண்டுமானாலும் யார் பேச்சையும் கேட்கலாம். பாதுகாப்பு தெரிந்த யாரைக் கேட்டாலும் முதல் வழியைத்தான் சொல்வார்கள். வள்ளல்கள் முதல் வழிக்கு மாதம் 20 டாலர் வைத்தார்கள். இரண்டாவது வழியை இலவசமாக்கினார்கள்.

தேதிகளை வரிசையாக வைத்தால் அழகு தெரியும். 2010 ஜூனில் ஏடி அண்ட் டியின் டெதரிங் கட்டணம். அதே வருஷம் ஜூலை 1ஆம் தேதி அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் கடைகளில் வைஃபை இலவசமாகிறது. அதை நடத்தியதும் அதே ஏடி அண்ட் டிதான். பாஸ்வேர்டு இல்லை, ஒரு தட்டுத் தட்டினால் போதும். அக்டோபரில் ஃபயர்ஷீப் வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஒரு குட்டி நிரல். திறந்த வைஃபையில் உட்கார்ந்து அதைத் திறந்தால் பக்கவாட்டில் ஒரு பட்டியல் விரியும். அடுத்த மேஜையில் கப்பச்சீனோ குடிக்கிறவரின் முகப்படம், பெயர், அவருடைய பேஸ்புக், ட்விட்டர் எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். படத்தின் மேல் இரண்டு தட்டு. அவ்வளவுதான், நீங்கள் அவராகிவிடலாம். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. எச்டிடிபிஎஸ் பூட்டு இல்லாத இணையதளங்களின் குறையைக் காட்டத்தான் அதை எழுதியவர் வெளியிட்டார். அந்தக் குறை தெருவுக்கு வர, திறந்த வைஃபையில் ஊர் கூடியிருக்க வேண்டுமல்லவா? கூட்டிவைத்த புண்ணியத்தில் கட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் பூட்டோடு வருவதால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. பூட்டை மாட்டியது இணையதளங்களும் பிரவுசர்களும்தான் என்பதைச் சொல்லிவைக்கிறேன், புகழ் இடம் மாறிப் போகக் கூடாது.

இன்னொரு உபகாரம். ஏடி அண்ட் டி தன் வைஃபைக்கு எல்லா ஊரிலும் ‘ஏடிடிவைஃபை’ என்று ஒரே பெயர் வைத்தது. அன்றைய ஐபோன்கள் அந்தப் பெயரைப் பார்த்தால் கேட்காமலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் தன் பையில் இருக்கும் கருவிக்கு வைக்கலாம், போன்கள் நம்பிப் பின்னால் வந்துவிடும் என்று 2010லேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஹாட்ஸ்பாட்டைத் திறக்க வாடிக்கையாளரின் கணக்கையே சோதித்துப் பார்த்த போன், வைஃபையில் பெயரைக் கேட்டதும் மயங்கிவிட்டது. காசு வருகிற வாசலில் பூட்டு, காசு வராத வாசலில் கோலம். 2015இல் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் இதே கம்பெனியின் இலவச வைஃபையில் உட்கார்ந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர், தன் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில்கூட விளம்பரம் மிதப்பதைக் கண்டார். பல்கலைக்கழகம் போட்ட விளம்பரம் இல்லை. நடுவழியில் வைஃபைக்காரர் செருகியது. சோதனை முயற்சி, முடித்துவிட்டோம் என்றார்கள். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்து ஒரு நோட்டீஸை மடித்துவைத்து அனுப்பும் சேவைக்குச் சில நாடுகளில் வேறு பெயர் வைத்திருக்கலாம்.

வெரைசன் இதிலும் பின்தங்கவில்லை. 2012 முதல், வாடிக்கையாளர் போனிலிருந்து பூட்டில்லாமல் போகும் ஒவ்வொரு வேண்டுகோளின் தலையிலும் ஒரு தனி அடையாள எண்ணைப் பொட்டு மாதிரி வைத்து அனுப்பியது. பிரவுசரில் குக்கியை அழித்தாலும் அந்தப் பொட்டு அழியாது, ஏனென்றால் வைக்கிறவர் வழியில் உட்கார்ந்திருக்கிறார். விளம்பரக் கம்பெனிகளுக்கு வசதி. 2014இல்தான் இது வெளியே தெரிந்தது. 2016 மார்ச்சில் அபராதம் 13,50,000 டாலர். டெதரிங் செயலிகளை மறைத்ததற்குக் கட்டியதைவிட ஒரு லட்சம் அதிகம். விலைவாசி ஏற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணத்துக்குப் பயந்து குறுக்கு வழி தேடியவர்களுக்கும் நல்ல பாடம் கிடைத்தது. அமெரிக்காவில் ஐபோனை ஜெயில்பிரேக் செய்தவர்கள் சொன்ன காரணங்களில் இலவச டெதரிங் முன்வரிசையில் இருந்தது. ஜெயில்பிரேக் செய்து, கூடவே வெளியிலிருந்து நுழைய வழிவிடும் ஒரு நிரலையும் போட்டுக்கொண்டு, ‘ஆல்பைன்’ என்ற ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட போன்கள் ஊருக்கே தெரிந்த சாவியோடு நின்றன. 2009 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒரு வைரஸ் அப்படிப்பட்ட போன்களில் புகுந்து, முகப்பில் ரிக் ஆஸ்ட்லி என்ற பாடகரின் படத்தை ஒட்டிவிட்டுப் போனது. அது விளையாட்டு. அதே மாதம் நெதர்லாந்தில் வந்த அடுத்தது விளையாடவில்லை, வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது. மறு வருஷம் ஜூலையில் ஆப்பிள் கடையில் டார்ச் லைட் செயலி ஒன்று விற்பனைக்கு வந்தது. உள்ளே டெதரிங் ஒளிந்திருப்பது ஊருக்குத் தெரிந்ததும் ஆப்பிள் தூக்கிவிட்டது. விளக்கு வாங்கப் போகிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்கும் பழக்கத்தை இப்படி மக்களிடையே வளர்த்தார்கள்.

கட்டணம் ஒழுங்காகக் கட்டிய உத்தமர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். இதில் கம்பெனிகளுக்குப் பங்கு இல்லை, ஆப்பிளின் தனிக்கொடை. ஐபோன் ஹாட்ஸ்பாட்டுக்குத் தானே ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுக்கும், ஓர் ஆங்கிலச் சொல்லும் நாலு இலக்க எண்ணும் சேர்த்து. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஜெர்மனியின் எர்லாங்கன்–நியூரம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் உள்ளே தோண்டிப் பார்த்தபோது, அந்தச் சொல்லைப் போன் எடுக்கும் பட்டியலில் மொத்தமே 1,842 சொற்கள். பத்தாயிரம் எண்களோடு பெருக்கினால் சுமார் ஒரு கோடியே 84 லட்சம் பாஸ்வேர்டு. நாலு கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டருக்கு 50 வினாடிகூட ஆகவில்லை. அதே வருஷம் வந்த ஐஓஎஸ் 7இல் பட்டியலை விட்டுவிட்டுக் கண்டபடி எழுத்துகளைக் கோக்க ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கு நிலைமை நாகரிகமாகிவிட்டது. பெரும்பாலான பிளான்களில் ஹாட்ஸ்பாட் சேர்ந்தே வருகிறது, தனியாக 20 டாலர் கேட்பதில்லை. போனில் எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம், ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி வரம்பு. மேலே வேண்டுமானால் விலை கூடிய பிளான். வரம்பு தாண்டினால் துண்டிக்கமாட்டார்கள், ஏடி அண்ட் டியின் பல பிளான்களில் நொடிக்கு 128 கிலோபிட்டில் ஓடவிடுவார்கள். அந்த வேகத்தில் 500 எம்பி பாதுகாப்பு அப்டேட் ஒன்று இறங்க எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வரம்பு தீராமல் இருக்க விண்டோஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று குறித்துவைப்பவர்கள் உண்டு, குறித்தால் பெரும்பாலான அப்டேட் தானாக வராது. ஓட்டை அடைபடாத லேப்டாப், ஆனால் மிச்சமான ஜிபி. சிக்கனம் வீட்டைக் காக்கும் என்பார்களே.

டவர்கள் தாங்காது, அதனால்தான் இந்த வரம்பு என்ற வாதத்தையும் நான் மனப்பாடம் செய்திருந்தேன். 2020 மார்ச்சில் கொரோனா வந்து ஊரே வீட்டுக்குள் போனது. நெட்வொர்க்கின் மேல் பெரிய பாரம் விழுந்தது. அன்றைக்குப் பார்த்து ஏடி அண்ட் டி மாதம் 15 ஜிபி ஹாட்ஸ்பாட் டேட்டாவைக் கூடுதலாக, கட்டணமில்லாமல் கொடுத்தது. மற்றவர்களும் அதே மாதிரி கொடுத்தார்கள். டவர் ஒன்றும் சாய்ந்துவிடவில்லை. அந்த ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சலினாஸ் ஊரில், டாக்கோ பெல் கடைக்கு வெளியே நடைபாதையில் இரண்டு சின்னப் பெண்கள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கடை வைஃபையில் பாடம் படித்த படம் உலகமெல்லாம் சுற்றியது. ஹாட்ஸ்பாட் கட்டணம்தான் அவர்களை அங்கே உட்காரவைத்தது என்று சொல்லமாட்டேன், வீட்டில் இணையமே இல்லாததற்குப் பல காரணம் இருக்கும். நெருக்கடி தணியத் தணிய அந்த இலவச ஜிபியும் மெல்ல விலகிக்கொண்டது என்று மட்டும் சொல்கிறேன். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம்தான் சிலருக்கு உண்டு, கொடுத்ததைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளும் நிதானம் பெரியவர்களுக்கே வரும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் நியூஜெர்சியிலோ டல்லாஸிலோ இறங்கிய முதல் வாரம் இதைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று ரீசார்ஜ் செய்தால், அதைப் போனில் தீர்த்தாயா, அக்காவின் லேப்டாப்பில் தீர்த்தாயா என்று கேட்க நாதியில்லாத நாட்டிலிருந்து வருகிறார்கள். வளர்ந்த நாட்டின் அக்கறை பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

ஆகவே அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஹாட்ஸ்பாட் கட்டணத்தை முகம் சுளிக்காமல் கட்டுங்கள். ஆனால் ஹாட்ஸ்பாட்டுக்குப் போன் வைத்துக்கொடுத்த பெயரில் உங்கள் சொந்தப் பெயர் இருந்தால் மாற்றிவிடுங்கள், விமான நிலையத்தில் நூறு பேர் அதைப் படிக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டை நீளமாக நீங்களே போடுங்கள். ஒரு முறை யாருக்காவது கொடுத்திருந்தால் அவர் போனதும் மாற்றுங்கள், அவர் செய்வதெல்லாம் உங்கள் நம்பரின் பெயரில்தான் பதிவாகும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். லேப்டாப் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இதில் எதையும் உங்களுக்காகச் செய்துதர வள்ளல்களுக்கு நேரம் இருக்காது. அவர்கள் 63க்கும் 64க்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள்.